இன்ஸ்டாவுக்கு என்ன சைஸ்? கோலப்புள்ளி வைத்து ஒரு விளக்கம்

நான் டிசைன் வேலைக்கு வந்த புதிதில் நடந்தது இது. பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவர் ஃபோன் செய்தார். "தம்பி, கடைக்கு ஃப்ளெக்ஸ் அடிச்சோம்லா, அதையே இன்ஸ்டாவுக்கு சைஸ் பண்ணி அனுப்பிருங்க. தீபாவளிக்கு ஆட் போடணும்." பத்தடிக்கு நாலடி ஃப்ளெக்ஸ். ஒரிஜினல் ஃபைலைத் தேடச் சோம்பல்பட்டு, வாட்ஸ்அப்பில் கிடந்த படத்தையே எடுத்தேன். 1080க்கு 1350 என்று ஒரு கட்டம் போட்டேன், படத்தை அதற்குள் இழுத்து நிரப்பினேன், அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிட வேலை.

மறுநாள் காலை அண்ணாச்சியின் குரலில் சூடு. "கொடத்த யாருடே இப்படி இழுத்தது?" திறந்து பார்த்தால், பித்தளைக் குடம் எவர்சில்வர் டம்ளர் மாதிரி ஒல்லியாக நீண்டு நிற்கிறது. எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்தது போல ஒரு கலங்கல். "சைஸ் சரியாத்தான் போட்டேன் அண்ணாச்சி, 1080க்கு 1350" என்றேன். அது பொய்யும் இல்லை. சைஸ் சரிதான். படம்தான் பாழ்.

அன்றைக்கு எனக்குப் புரியாதது இன்றும் பலருக்குப் புரியாமல் இருக்கிறது. சமூக ஊடக விளம்பரம் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "என்ன சைஸ்?" என்பதுதான். யாராவது ஒரு எண்ணைச் சொல்வார்கள். அதைப் பிடித்துக்கொண்டு படத்தைத் தயார் செய்வோம். ஆனால் சைஸ் என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று தனித்தனி அளவுகள் ஒளிந்திருக்கின்றன: படத்தின் வடிவம், படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, ஃபைலின் எடை. ஒன்று சரியாக இருந்து மற்ற இரண்டும் தப்பாக இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வடிவம்: இட்லி மாவுக் கணக்கு

இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. நாலு டம்ளருக்கு ஒரு டம்ளர், நாலு படிக்கு ஒரு படி. வீட்டில் மூன்று பேர் இருந்தாலும் கல்யாணப் பந்திக்கு அரைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அளவு கூடும், குறையும். விகிதம் அப்படியே நிற்கும்.

படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் இடையே உள்ள கணக்கும் அப்படித்தான். இதைப் படத்தின் விகிதம் என்கிறோம். 4:5 என்றால் அகலம் நாலு பங்கு, உயரம் ஐந்து பங்கு. அது 4 அங்குலமா, 4 அடியா, 400 புள்ளியா என்று விகிதம் சொல்லாது. வடிவத்தை மட்டும்தான் சொல்லும்.

விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வருபவை நாலே நாலு வடிவங்கள். சதுரம், அதாவது 1:1. கொஞ்சம் நெட்டையான 4:5. ஃபோன் திரை முழுவதையும் அடைக்கும் 9:16. ஸ்டோரி, ரீல்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் இதுதான். அப்புறம் கிடைமட்டமான 1.91:1, பேஸ்புக்கிலும் லிங்க்ட்இனிலும் ஒரு இணைப்போடு சேர்ந்து வரும் படங்களின் வடிவம்.

2010இல் இன்ஸ்டாகிராம் தொடங்கியபோது அதில் சதுரப் படம் மட்டும்தான் போட முடியும். மற்ற வடிவங்களை 2015 ஆகஸ்டில்தான் அனுமதித்தார்கள். சதுரம் போட்டால் எங்கேயும் வெட்டுப்படாது என்ற எண்ணம் அந்தக் காலத்துப் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது. சதுரம் தப்பில்லை. ஆனால் நாம் ஃபோனை நிமிர்த்திப் பிடித்துத்தான் ஃபீடை, அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் பதிவுகளை, தள்ளிக்கொண்டு போகிறோம். அகலம் எல்லோருக்கும் ஒன்றுதான், உயரத்தில்தான் இடம் பிடிக்க முடியும். 1080 புள்ளி அகலத்தில் கிடைமட்டப் படம் சுமார் 565 புள்ளி உயரம் வரும், சதுரம் 1080, 4:5 என்றால் 1350. ஒரே காசு கொடுத்துக் கடைவாசலில் இரண்டு மடங்குக்கு மேல் பெரிய போர்டு மாட்டுவது மாதிரி. அதனால் ஃபீடுக்கு ஒரே ஒரு படம்தான் செய்ய முடியும் என்றால் நான் 4:5 தான் செய்வேன்.

ஒரு வடிவத்தை இன்னொரு வடிவத்துக்குள் கொண்டுபோக மூன்றே வழிதான் இருக்கிறது. ஓரத்தை வெட்டலாம்; அது கிராப். ஓரத்தில் வெறும் இடம் சேர்க்கலாம். இல்லையென்றால் இழுத்து நிரப்பலாம். மூன்றாவதை எந்தக் காலத்திலும் செய்யக்கூடாது, அதைத்தான் நான் செய்தேன். பத்துக்கு நாலு படத்தை 4:5 கட்டத்துக்குள் திணித்ததில், உயரத்தோடு ஒப்பிட அகலம் மூன்றில் ஒரு பங்காக நசுங்கியது. குடம் டம்ளரானது அப்படித்தான்.

வெட்டும்போது எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஃபோட்டோ எடுக்கும்போதே இடம் விட்டு எடுக்கலாம். 12 மெகாபிக்சல் ஃபோன் கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் படம் 3000க்கு 4000 புள்ளி வரும். அதை 4:5 ஆக்கினால் உயரத்தில் 250 புள்ளிதான் இழப்பு, தெரியவே தெரியாது. 9:16 ஆக்கினால் அகலத்தில் நாலில் ஒரு பங்கு போய்விடும். அதே கேமராவைப் படுக்கவைத்து எடுத்துவிட்டு 4:5 கேட்டால், அகலத்தில் 100க்கு 40 பங்கைக் கத்தரிக்க வேண்டும். வரிசையாக அடுக்கிய ஐந்து குடத்தில் மூன்றுதான் மிஞ்சும்.

புள்ளி: பதினைந்து புள்ளி, பதினைந்து வரிசை

வடிவம் தெரிந்துவிட்டது. இப்போது அந்த 1080, 1350 என்பவை என்ன?

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். "பதினஞ்சு புள்ளி, பதினஞ்சு வரிசை, நேர்ப்புள்ளி" என்றால் அவர்களுக்குப் படம் கண்முன் வந்துவிடும். திரையில் தெரியும் படமும் நேர்ப்புள்ளிக் கோலம்தான். ஒரே வித்தியாசம், இங்கே புள்ளிகளைக் கோட்டால் இணைப்பதில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம். அந்தப் புள்ளிக்குப் பெயர்தான் பிக்சல். 1080க்கு 1350 என்றால் வரிசைக்கு 1080 புள்ளி, மொத்தம் 1350 வரிசை. பெருக்கினால் 14 லட்சத்து 58 ஆயிரம் புள்ளிகள்.

ஐந்து புள்ளிக் கோலத்தில் தேர் வரைய முடியாது. தேருக்கு அத்தனை புள்ளி வேண்டும். நான் வாட்ஸ்அப்பில் எடுத்த ஃப்ளெக்ஸ் படம் 1600க்கு 640 புள்ளிதான் இருந்தது. அதை ஒழுங்காக 4:5க்கு வெட்டியிருந்தாலும் 512க்கு 640தான் மிஞ்சியிருக்கும். தேவை 14 லட்சத்துச் சொச்சம், கையில் இருந்தது மூன்றேகால் லட்சம். மீதியை எங்கிருந்து கொண்டுவருவது? மென்பொருள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, நடுவில் என்ன நிறம் இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பும். அந்த ஊகம்தான் நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது.

"ஹெச்டி ஆக்கித் தாங்க" என்று கேட்பவர்களுக்காக இப்போது செயற்கை நுண்ணறிவு ஆப்கள் நிறைய வந்திருக்கின்றன. அவை மங்கலாக ஊகிக்காமல் கூர்மையாக ஊகிக்கும். அவ்வளவுதான், அதுவும் ஊகம்தான். வானம், சுவர், செடி என்றால் பரவாயில்லை. நகை, பட்டுச்சேலை பார்டர் போன்றவற்றில் இது வம்பு. கடையில் இல்லாத ஒரு வேலைப்பாட்டை ஆப் தானே வரைந்துவைக்கும். வாடிக்கையாளர் ஃபோனை நீட்டி "இந்த டிசைன் எடுங்க" என்பார். விற்கும் பொருளின் படத்தில் இதைத் தொடாமல் இருப்பதுதான் நல்லது என்பது என் கட்சி.

சரி, அதிகமாக இருந்தால் நல்லதுதானே, 6000 புள்ளி அகலத்தில் கொடுத்துவிடலாமா? கொடுக்கலாம், இன்ஸ்டாகிராம்காரர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஏற்றியவுடன் அவர்களே சுருக்குவார்கள். அந்தச் சுருக்கலில் மெல்லிய கோடு, சின்ன எழுத்து எல்லாம் எப்படி வரும் என்பது நம் கையில் இருக்காது. தேவையான அளவுக்கு நாமே சுருக்கி, கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. சதுரத்துக்கு 1080க்கு 1080, ஃபீடுக்கு 1080க்கு 1350, முழுத்திரைக்கு 1080க்கு 1920, கிடைமட்டத்துக்கு 1200க்கு 628 என்பவை பல வருடங்களாகப் புழங்கும் எண்கள். அண்மையில், பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா கம்பெனியின் வழிகாட்டியில் 1440 அகலம் வந்திருக்கிறது. 4:5 என்றால் 1440க்கு 1800. இந்த எண்கள் இன்னும் மாறும். அதனால் எண்ணை மனப்பாடம் செய்வதைவிட விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், எண்ணைப் பெருக்கி எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: விகிதம் என்பது வடிவம், அதைச் சரிசெய்ய வெட்டலாம், இடம் சேர்க்கலாம், இழுக்கக்கூடாது. பிக்சல் என்பது புள்ளி, அதைக் குறைக்கலாம், இல்லாததை உண்டாக்க முடியாது.

300 டிபிஐ கேட்பவர்கள்

இங்கே ஒரு சின்ன வழக்கைத் தீர்த்துவிடலாம். "இன்ஸ்டாவுக்கு 300 டிபிஐயில் கொடுங்கள்" என்று ஒருவர் சொல்வார். "இல்லை இல்லை, வெப்புக்கு 72 தான்" என்று இன்னொருவர் திருத்துவார். இரண்டு பேரும் தவறு.

டிபிஐ என்பது ஒரு அங்குலத்துக்குள் எத்தனை புள்ளி என்ற கணக்கு. மறுபடி கோலத்துக்கு வருவோம். அதே பதினைந்து புள்ளிக் கோலத்தை ஃபிளாட் வாசலில் விரல்கடை இடைவெளியிலும் போடலாம், மார்கழியில் தெருவை அடைத்து முழ இடைவெளியிலும் போடலாம். புள்ளி பதினைந்துதான். டிபிஐ சொல்வது அந்த இடைவெளியை மட்டும்தான். காகிதத்தில் அடிக்கும்போது இடைவெளி முக்கியம், ஏனென்றால் அங்கே அங்குலம் என்று ஒன்று இருக்கிறது. நோட்டீஸ், விசிட்டிங் கார்டுக்கு 300 கேட்பது நியாயம். ஃபோன் திரையில் புள்ளிகளின் இடைவெளியைத் தயாரித்த கம்பெனியே முடிவு செய்துவிட்டது. நம் ஃபைலில் 72 என்று எழுதியிருக்கிறதா 300 என்றா என்பதை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

அந்த 72 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1984இல் வந்த ஆப்பிள் மேக்கின்டாஷின் திரையில் அங்குலத்துக்கு 72 புள்ளிகள் இருந்தன. அச்சுத் தொழிலில் எழுத்தின் உயரத்தை அளக்கும் பாயின்ட் என்பதும் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. திரையில் தெரிவதும் காகிதத்தில் வருவதும் ஒரே அளவாக இருக்கட்டும் என்று அப்படி வைத்தார்கள். இன்று நம் சட்டைப்பையில் உள்ள ஃபோன்களில் அங்குலத்துக்கு 400 வாக்கில் இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு திரையின் கணக்கை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஃபோட்டோஷாப்பில் இமேஜ் சைஸ் பெட்டியைத் திறந்து, ரீசாம்பிள் டிக்கை எடுத்துவிட்டு, 300ஐ 72 ஆக்கிப் பாருங்கள். அங்குலக் கணக்கு மாறும். புள்ளி எண்ணிக்கை ஒன்றுகூட அசையாது.

எடை: ஜேபெக் எதைத் தூக்கி எறிகிறது

மூன்றாவது அளவு, ஃபைல் எத்தனை எம்பி அல்லது கேபி என்பது. "படம் 5 எம்பி இருக்கு, நல்ல குவாலிட்டி" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எடைக்கும் தரத்துக்கும் சம்பந்தம் உண்டு, ஆனால் நேரான சம்பந்தம் இல்லை.

ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எழுதிவைக்க மூன்று பைட் வேண்டும். 1080க்கு 1350 படத்தை உள்ளபடியே எழுதினால் 43 லட்சத்து 74 ஆயிரம் பைட், அதாவது நாலேகால் எம்பிக்கு மேல். ஆனால் அதே படத்தை ஜேபெக் (JPG) என்னும் ஃபைல் வகையில் சேமித்தால் சில நூறு கேபியில் அடங்கிவிடுகிறது. மீதி எங்கே போனது?

ஒரு பட்டுச்சேலையை ஃபோனில் விவரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "உடல் பூராவும் மாம்பழ மஞ்சள், பிளெயின்" என்றால் உடல் பகுதி முடிந்தது. ஒவ்வொரு நூலாகச் சொல்ல வேண்டியதில்லை. பார்டருக்கு வந்தால்தான் யானை, மயில், ருத்திராட்சம் என்று மூச்சு வாங்கும். 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் செய்வது இதையேதான். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளியாகச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மொத்தத்தில் எவ்வளவு வெளிச்சம், அது எந்தப் பக்கமாக ஏறி இறங்குகிறது, எவ்வளவு நுணுக்கமான வரிகள் இருக்கின்றன என்று தனித்தனியாக எழுதும். பிறகு, கண் கவனிக்காது என்று நினைக்கும் நுணுக்கமான வரிகளைத் தூக்கி எறிந்துவிடும். இப்படி எறிந்து எடை குறைப்பதற்குக் கம்ப்ரஷன் என்று பெயர். இதற்குப் பின்னால் உள்ள கணித முறையை 1974இல் வெளியிட்ட மூவரில் முதலாமவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. மற்ற இருவர் டி. நடராஜன், கே. ஆர். ராவ். தினமும் நாம் அனுப்பும் குட் மார்னிங் படங்கள் வரை இந்த மூவர் புண்ணியம்தான்.

முகம், வானம், சாப்பாடு போன்ற படங்களில் இந்தத் தந்திரம் கச்சிதமாக வேலை செய்யும். எழுத்தில்தான் மாட்டும். எழுத்தின் ஓரம் என்பது சட்டென்று கறுப்பு, சட்டென்று வெள்ளை; அதாவது முழுக்க முழுக்க நுணுக்கமான வரி. அதை எறிந்தால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போல ஒரு கலங்கல் வரும். அண்ணாச்சி படத்தில் வந்தது அதுதான்.

நிறத்திலும் ஒரு சிக்கனம் உண்டு. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பார்க்கும். நிற வித்தியாசத்தில் அவ்வளவு கூர்மை கிடையாது. அதனால் பெரும்பாலும் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்றாகப் பொதுவாக்கிவிடுவார்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துக்கு இதனால் பாதிப்பில்லை. பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் இரண்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் கம்மி, நிறம்தான் வித்தியாசம். அதையும் பொதுவாக்கிவிட்டால் ஓரம் கரைந்துவிடும்.

பிஎன்ஜி என்னும் வகை எதையும் எறியாது. அதனால் எழுத்தும் லோகோவும் கூர்மையாக நிற்கும், ஃபோட்டோ என்றால் எடை எகிறும். என் பழக்கம்: எழுத்து மிகுந்த ஆஃபர் படம் என்றால் பிஎன்ஜி, ஃபோட்டோவே பிரதானம் என்றால் 100க்கு 85 வாக்கில் தரம் வைத்த ஜேபெக். மெட்டா விளம்பரத்தில் படம் 30 எம்பி வரை ஏற்றலாம், அதனால் எடைக்குப் பயந்து தரத்தை 40க்கு இறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏற்றியபின் அவர்களும் தங்கள் பங்குக்கு ஒருமுறை சுருக்குவார்கள். நாம் ஏற்கெனவே நசுக்கிய படத்தை அவர்கள் மறுபடி நசுக்கினால், ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தது போலத்தான் இருக்கும்.

வாட்ஸ்அப்பும் அதே குடும்பம். ஃபோட்டோவாக அனுப்பினால் புள்ளியும் குறையும், எடையும் குறையும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். கடைக்காரர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

பித்தளை ஏன் மங்கியது

கதை இன்னும் முடியவில்லை. அண்ணாச்சியிடம் திட்டு வாங்கியபின் ஒரிஜினல் ஃபைலைத் தேடி எடுத்து, ஒழுங்காக வெட்டி, ஒழுங்காகச் சேமித்து அனுப்பினேன். குடம் குடமாகத் தெரிந்தது, எழுத்து கூர்மையாக இருந்தது. ஆனால் பித்தளையின் மினுக்கம் போய், பழைய இரும்புக்கடைச் சாமான் மாதிரி இருந்தது.

காரணம், அந்த ஃபைல் அச்சுக்காகச் செய்தது. அச்சில் நாலு மை: நீலப்பச்சை, ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இதை சிஎம்ஒய்கே என்பார்கள். மை மேல் மை ஏற ஏற இருட்டும். திரையில் மை கிடையாது, ஒளி. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள். இது ஆர்ஜிபி. விளக்கு மேல் விளக்கு சேரச் சேர வெளுக்கும். ஒளியால் காட்ட முடிந்த பளீர் நிறங்கள் பலவற்றை மையால் காட்ட முடியாது. அதனால் அச்சு ஃபைலில் நிறங்களை முன்கூட்டியே அடக்கித்தான் வைத்திருப்பார்கள். அந்த அடக்கம் திரையில் சோர்வாகத் தெரியும்.

ஜவுளிக்கடையில் சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்ப்பார்களே, அது ஏன்? ஒரே சேலை ட்யூப்லைட்டில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். படத்துக்கும் எந்த வெளிச்சத்தில் பார்க்கப்போகிறோம் என்று ஒரு ஒப்பந்தம் வேண்டும். திரைகளுக்குப் பொதுவாக அப்படி ஒரு ஒப்பந்தத்தை 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்தன. அதன் பெயர் எஸ்ஆர்ஜிபி. சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி என்று கேட்கும் இடத்தில் டிக் அடித்துவிடுங்கள். அதைத் தாண்டிய நுட்பங்கள் இப்போதைக்கு வேண்டாம். அச்சு ஃபைலை வெறுமனே மாற்றினால் மட்டும் பழைய பளபளப்பு திரும்பாது. மூல ஃபோட்டோவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நானும் அப்படித்தான் செய்தேன்.

முழுத்திரையில் மறையும் இடங்கள்

சுவர் விளம்பரம் எழுதுகிறவர் சுவரின் அகல உயரத்தை மட்டும் பார்த்து எழுத மாட்டார். மேலே டீக்கடைத் தகரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, கீழே சைக்கிள் எவ்வளவு உயரத்துக்கு மறைக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் கடைப் பெயரை எழுதுவார். ஸ்டோரிக்கும் ரீல்ஸுக்கும் இதே பார்வை வேண்டும். படம் திரை முழுக்க வரும், உண்மைதான். ஆனால் மேலே கணக்கின் பெயர், கீழே வாசகம், பொத்தான், வலப்பக்கம் லைக், கமென்ட், ஷேர் என்று ஆப் தன் சாமான்களைப் படத்தின் மேல்தான் பரப்பிவைக்கும். எதுவும் மறைக்காத நடு இடத்துக்கு சேஃப் ஸோன் என்று பெயர்.

ரீல்ஸ் விளம்பரத்துக்கு மெட்டா சொல்வது: மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், இரு பக்கமும் 6 சதவீதம் எழுத்தும் லோகோவும் இல்லாமல் விடுங்கள். இதைப் புள்ளியில் போட்டுப் பாருங்கள். 1920 உயரத்தில் மேலே 270, கீழே 670 வாக்கில் கழிந்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 980. 1080 அகலத்தில் பக்கத்துக்கு 65 கழிந்தால் 950. ஆக, ஒன்பதுக்குப் பதினாறு என்ற நெட்டைப் படத்தில் நாம் எழுதக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு சதுரம்தான்! இது தெரியாமல்தான் பலரும் கீழே ஃபோன் நம்பரையும் முகவரியையும் அழகாக எழுதிவைக்கிறார்கள், அதன்மேல் பொத்தான் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஸ்டோரியில் நெருக்கடி கொஞ்சம் குறைவு. அங்கே கீழே 20 சதவீதம் விட்டால் போதும். ரீல்ஸுக்குப் பொருந்தியது ஸ்டோரிக்கும் பொருந்தும் என்பதால் நான் பெரிய கணக்கையே வைத்துக்கொள்கிறேன்.

மூணு சுழி ண, இரண்டு சுழி ன

எழுத்தைப் பற்றி ஒரு பழைய பயம் இன்னும் உலவுகிறது: படத்தில் 20 சதவீதத்துக்கு மேல் எழுத்து இருந்தால் பேஸ்புக் தள்ளிவிடும் என்று. அப்படி ஒரு விதி உண்மையிலேயே இருந்தது. படத்தை 25 கட்டங்களாகப் பிரித்து, ஐந்து கட்டத்துக்கு மேல் எழுத்து பட்டால் விளம்பரத்தை மறுத்தார்கள். பிறகு மறுக்காமல் குறைவான பேருக்குக் காட்டினார்கள். 2020 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டார்கள். இன்று அந்த விதி இல்லை.

விதி போனதால் நோட்டீஸ் முழுவதையும் படத்தில் ஏற்றிவிடலாம் என்று அர்த்தமில்லை. ஒரு ஃபோனின் திரை அகலம் சுமார் 7 சென்டிமீட்டர். அந்த 7 சென்டிமீட்டருக்குள்தான் நம் 1080 புள்ளிகளும். அப்படியானால் 30 புள்ளி உயரத்தில் நாம் வைக்கும் எழுத்து திரையில் 2 மில்லிமீட்டர். கணினியின் பெரிய திரையில் வேலை செய்யும்போது அது கட்டைவிரல் பருமனில் தெரியும், அங்கேதான் ஏமாறுகிறோம்.

தமிழ் எழுத்துக்கு இதில் கூடுதல் கஷ்டம். மூன்று சுழி ண-வுக்கும் இரண்டு சுழி ன-வுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சுழி. 2 மில்லிமீட்டரில், ஜேபெக் ஓரத்தைக் கடித்தபின், அந்தச் சுழி அடைந்துபோய் மையப்பியது போலாகிவிடும். டு, ளு, மு எல்லாவற்றின் கீழ்க்கொக்கிகளும் அப்படியே. ஆங்கிலத்தில் "OFF" என்று மூன்று எழுத்தில் முடிகிற சொல், தமிழில் "தள்ளுபடி" என்று ஐந்து எழுத்து அகலம் கேட்கும். தலைப்பு வரியை 90, 100 புள்ளி உயரத்துக்குக் குறையாமலும், மிகச் சின்ன வரியைக்கூட 45க்குக் குறையாமலும் வைத்துக்கொள்கிறேன். இது எங்கேயும் எழுதிவைத்த விதி அல்ல, என் கண்ணும் அண்ணாச்சியின் வெள்ளெழுத்துக் கண்ணாடியும் சேர்ந்து முடிவு செய்தது. முகவரி, நிபந்தனை, கிளைகளின் பட்டியல் எல்லாம் படத்துக்கு வெளியே, கீழே எழுதும் வாசகத்துக்குப் போகட்டும்.

மறுபடி அந்தக் குடம்

இப்போது அதே வேலை வந்தால் எப்படிச் செய்வேன்? ஃப்ளெக்ஸைத் தொடவே மாட்டேன். குடத்தை ஜன்னல் வெளிச்சத்தில், ஃபோனை நிமிர்த்தி, நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டு ஒரு ஃபோட்டோ எடுத்து டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்வேன். அதிலிருந்து முதலில் 4:5 ஒன்று, 9:16 ஒன்று வெட்டிக்கொள்வேன். வெட்டியபிறகுதான் புள்ளியைக் குறைப்பது, அதற்கும் பிறகுதான் எழுத்து வைப்பது. எழுத்து வைத்துவிட்டு மொத்தமாகச் சுருக்கினால் ஓரங்கள் மறுபடி மழுங்கும். 9:16இல் எழுத்துகளை நடுச் சதுரத்துக்குள் அடக்குவேன். எஸ்ஆர்ஜிபியில் சேமிப்பேன்.

மெட்டாவில் விளம்பரம் போடும் ஆட்ஸ் மேனேஜர் பக்கத்தில் ஏற்றும்போது ஒரு படத்தை மட்டும் கொடுத்தால் மற்ற இடங்களுக்கு அதுவே வெட்டிக்கொள்ளும், குடத்தின் கழுத்தோடு வெட்டினாலும் வெட்டும். அதனால் ஃபீடுக்கு ஒன்று, ஸ்டோரிக்கும் ரீல்ஸுக்கும் ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு இடத்தின் முன்னோட்டத்தையும் திறந்து பார்ப்பேன். கணினியில் அல்ல, ஃபோனில், வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, கையை நீட்டிப் பிடித்து. போன தீபாவளிக்கு அப்படி அனுப்பியபோது அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, லோகோவை இன்னும் கொஞ்சம் பெருசாப் போட முடியுமா?"